வலக்கையில் ஆறு வளையல்

அவளிடம் ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லக் கூடாது. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது எங்கள் வகுப்புக்குப் புரிந்துவிட்டது. வேதியியல் துறைத் தலைவருக்குப் புரியத்தான் மூன்று வருடம் பிடித்தது.

ஒரு நாள் அவர் அவளைக் கூப்பிட்டு, "ஸ்டோருக்குப் போய் ரெண்டு பியூரெட் வாங்கிக்க, அப்படியே அட்டெண்டரை வரச் சொல்லு, திரும்பும்போது காரிடார் ஜன்னலைச் சாத்திட்டு வந்துடு" என்றார். "சரி சார்" என்று ஓடினாள். வெகுநேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது கையில் பியூரெட் இல்லை, பின்னால் அட்டெண்டரும் இல்லை. ஆனால் எங்கள் மாடி ஜன்னல், கீழ்மாடி ஜன்னல், எதிரே இருந்த வணிகவியல் துறையின் ஜன்னல் என்று ஒன்று விடாமல் சாத்திவிட்டு வந்திருந்தாள். பங்குனி மாத வெயிலில் வணிகவியல் வகுப்பு உள்ளே வெந்துகொண்டிருந்தது.

"புத்தி எங்கம்மா மேயுது?" என்று கத்தினார் துறைத் தலைவர்.

"மேயல சார். அதுக்கு உள்ள நிக்கவே எடம் இல்ல" என்றாள் அவள்.

வகுப்பே சிரித்தது. அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். அவள் உள்ளதைத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். திமிராகப் பேச வேண்டுமென்றால் அவள் இன்னும் நன்றாகவே பேசுவாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் ஆம்பூர், அம்மா நர்ஸ், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச். அவள் பேரணாம்பட்டு, அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் டிரம் ஓட்டுபவர், அம்மா வீட்டில் பீடி சுற்றுபவர். நாங்கள் இருவரும் வாணியம்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் படித்தோம். காலையில் அவள் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஆம்பூர் வந்து இறங்குவாள். அங்கிருந்து இருவரும் ஒன்றாகப் போவோம். அவள் இறங்க மறந்து வேலூர் வரைக்கும் போன நாட்களில் நான் மட்டும் போவேன்.

எனக்கு ஞாபக சக்தி அதிகம். இதை அடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கும் போட்டியில் வருடா வருடம் எனக்குத்தான் முதல் பரிசு. யார் எந்தத் தேதியில் என்ன புடவை கட்டிவந்தார்கள் என்பது வரைக்கும் சொல்லுவேன். அப்படிப்பட்ட எனக்கு இப்படி ஒரு தோழி வாய்த்தது ஏதோ கணக்காகத்தான் இருக்க வேண்டும். அவள் குடை, அவள் டிபன் டப்பா, அவள் ஹால் டிக்கெட், எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கும் ஆளாக நான் ஆனேன். சொல்லிக் காட்டிக்கொண்டேதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு முறை அவள் தம்பி பிறந்தநாளுக்கு ஆம்பூரில் பிரியாணி வாங்கிவரச் சொல்லியிருந்தார் அவள் அம்மா. நானே கூட நின்று வாங்கி, நானே அவள் மடியில் வைத்து, நானே பஸ் ஏற்றிவிட்டேன். பேரணாம்பட்டில் இறங்கும்போது ஒரு கிழவி மூட்டையைத் தூக்கிவிடச் சொன்னாளாம். இவள் மூட்டையைத் தூக்கிவிட்டாள், மூட்டையோடு சந்து வரைக்கும் போனாள், கிழவியின் மருமகள் கதையைக் கேட்டாள், வீட்டுக்கு வந்தாள். வாசலில் தம்பி நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் பிரியாணி ஞாபகம் வந்தது. மறுநாள் காலை அதே கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "லெக் பீஸ் ஜோரா இருந்துச்சும்மா. இன்னொரு தடவை வாங்கினா கொஞ்சம் தால்ச்சா ஜாஸ்தி வெக்கச் சொல்லு" என்றாராம்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் தலைக்குள்ள இன்னாதான்டி நடக்குது?" என்று கேட்டேன்.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "உன் தலைக்குள்ள பெரிய ஹால் இருக்குதுடி. நாற்காலி நெறைய போட்டிருக்கு. யார் வந்தாலும் உக்காருவாங்க. என்னுதுல ஒரே ஒரு நாற்காலி. பிரியாணி உக்காந்திருந்துச்சு. கெழவி வந்தா. பிரியாணி எழுந்து போய்டுச்சு. தொரத்தினது நான் இல்ல."

"எங்க போச்சு?"

"அது தெரிஞ்சா போய்க் கூட்டினு வர மாட்டேனா?"

இப்படிச் சொல்லிவிட்டு அவள் பாட்டுக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. பாவம் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது என்பதால் சிரித்துவைத்தேன்.

அவளை மக்கு என்று நினைத்துவிட வேண்டாம். மக்கு என்று நினைத்தவர்கள் அவளிடம் பாடம் கேட்காதவர்கள். ஒரு வினை ஏன் இந்தப் பக்கம் போகிறது, ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்று அவள் சொல்லக் கேட்டால் மண்டையில் விளக்கு எரியும். நான் மனப்பாடம் செய்துவைத்திருந்ததை எல்லாம் எனக்கே புரியவைத்தது அவள்தான். ஆனால் பரீட்சைத் தாளில் அது நிற்காது. ஒரு கட்டுரைக் கேள்வியை அற்புதமாக ஆரம்பிப்பாள். பாதியில் வேறொரு கேள்விக்குப் பதில் பொறிதட்டும், அதற்குத் தாவுவாள். இது முடிந்ததும் பழையது பாதியில் கிடப்பது நினைவில் இருக்காது. தாளின் கடைசிப் பக்கத்தில் கேள்வி இருப்பதே தெரியாமல் எழுந்து வந்த நாளும் உண்டு. ஒரு தாளில் தொண்ணூறு எடுப்பாள், அடுத்ததில் முப்பத்தைந்துக்கு முட்டுவாள். வாத்தியார்களுக்கு இது பிடிபடவில்லை. முடிகிறவள் வேண்டுமென்றே செய்யாமல் விடுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். முடியாதவளாக இருந்திருந்தால் கொஞ்சம் இரக்கமாவது கிடைத்திருக்கும்.

முதல் வருடச் செய்முறைத் தேர்வில் அவள் தோற்றுப்போனாள். செய்முறையில் யாரும் தோற்க மாட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போய் இலை கிடைக்காமல் திரும்புகிற மாதிரி அது. நடந்தது இதுதான்: பியூரெட் என்ற அளவுக் குழாயில் எண்ணைப் பார்ப்பாள், நோட்டுக்குத் திரும்புவாள், அதற்குள் எண் போய்விடும். மறுபடி பார்ப்பாள். யாராவது தண்ணீர்க் குழாயைத் திறப்பார்கள், எண் போய்விடும். இப்படியே மணி அடித்துவிட்டது. அவள் தாளில் தலைப்பு மட்டும் இருந்தது. அழகான கையெழுத்தில் அடிக்கோடு போட்ட தலைப்பு.

திரும்பும் பஸ்ஸில் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு, ஆம்பூர் வரைக்கும் அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு மட்டும் அவள் டிபன் டப்பாவைச் சொல்லிக் காட்டாமல் எடுத்துக் கொடுத்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியவள் வலக்கையில் ஆறு கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். ஆறும் ஆறு நிறம். கைக்குச் சற்றும் பொருந்தாமல் முழங்கை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னாடி இது, மாட்டுக்குச் சலங்கை கட்டின மாதிரி?"

"எங்கம்மா பீடி சுத்தும்போது பாத்திருக்கியா? வாய் ஊர்க்கதை பேசினே இருக்கும். ஒரு கட்டு முடிஞ்சா ஒரு புளியங்கொட்டையை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தள்ளும். கணக்கு தலைக்குள்ள இல்ல, தரையில இருக்குது. எனக்கும் அதான் வேணும். காலேஜுக்குப் புளியங்கொட்டை எடுத்துனு வர முடியுமா?"

அதற்கப்புறம் எல்லாமே வளையல்தான். காலையில் எழுந்ததும் அன்றைய வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையல். முடிந்ததும் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறும். பச்சை என்றால் டிபன் டப்பா, சிவப்பு என்றால் இறங்க வேண்டிய இடம். வளையல்காரர், "உன் கைக்கு ரெண்டே நாலு போதும்மா, இது லூசு" என்று மன்றாடினாலும் ரெண்டே எட்டுதான் வாங்குவாள். சோப்புப் போடாமல் கழற்றி மாட்ட வேண்டும் அல்லவா? ஒரு முறை பஸ் கதவில் இடித்து நீல வளையல் உடைந்தபோது, "போச்சு, இன்னிக்கு ரெக்கார்டு நோட்டு அவ்ளோதான்" என்று அமைதியாகச் சொன்னாள். அன்றைக்கு ரெக்கார்டு நோட்டு நிஜமாகவே வீட்டில்தான் இருந்தது.

பெண்கள் கேலி செய்தார்கள். நானும் செய்தேன். அவள் கண்டுகொள்ளவில்லை. "நீ கண்ணாடி போட்டுனு கரும்பலகையைப் பாக்குற. நான் இதைப் போட்டுனு வேலையைப் பாக்குறேன். உனக்கு இன்னா பேஜார்?" என்றாள். எனக்கு அப்போதே சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்குமேல் கேலியைத் தொடர முடியவில்லை.

தோற்றுப்போன செய்முறையை மறு வருடம் வளையல்களோடு எழுதித் தேறினாள். ஆனால் பெரிய மலை கடைசி வருடத்தில் இருந்தது. உப்புப் பகுப்பாய்வு. ஒரு சிட்டிகை உப்பைக் கையில் கொடுத்து, இதற்குள் என்னென்ன உலோகம் இருக்கிறது கண்டுபிடி என்பார்கள். கரைத்து, ஆறு குரூப்பாக வரிசையாகச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு குரூப்புக்கும் ஒரு மருந்து; அந்தக் குரூப்பு உலோகம் இருந்தால் குழாய்க்கு அடியில் படிந்து வரும். முதல் குரூப்பில் ஒன்றும் வரவில்லை என்றால் அதே கரைசலை இரண்டாவதுக்கு, பிறகு மூன்றாவதுக்கு. வரிசை தவறினால் எல்லாம் கெட்டது. அந்த வரிசையை மறக்கிறவளுக்கென்றே யாரோ யோசித்துச் செய்த தண்டனை போல இருந்தது. அவளோ ஆறு குரூப்பு என்று கேட்டதும், "ஆறுதானே? எங்கிட்ட ஆறு இருக்குது" என்று கையை ஆட்டிக் காட்டினாள்.

இன்னொன்றும் அவளிடம் இருந்தது. மூக்கு. இரண்டாவது, நான்காவது குரூப்புக்கு ஒரு வாயு வேண்டும். அழுகின முட்டை நாற்றம். அதைத் திறந்தால் நாங்கள் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு ஓடுவோம். அவள் ஆற அமர நின்று, "எங்க தெருவுல தெனமும் இதான்டி. சுண்ணாம்புக் குழியில தோலைப் போட்டா இந்த வாசனைதான்" என்பாள். நாற்றம் அவளுக்கு உறைக்காது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, உறைக்காமல் இல்லை, பிரித்துத் தெரியும் என்று. பேரணாம்பட்டில் பஸ் நுழையும்போது கண்ணை மூடிக்கொண்டு, இது சுண்ணாம்புக் குழி, இது பட்டைத் தொட்டி, இது குரோம் டிரம், இது உப்புத்தோல் மண்டி என்று வரிசையாகச் சொல்லுவாள். எனக்கு எல்லாம் ஒரே நாற்றம். "உனக்கு நாத்தம் ஒண்ணுதான். எங்களுக்குப் பத்து" என்பாள்.

அந்தக் காலத்தில்தான் தோல் ஷெட்டுகள் கூடிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். தினமும் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. அவள் அப்பா யாரிடமோ சொல்லிவைத்திருந்தார். பட்டம் கையில் இருந்தால் வேலை, ரிசல்ட் வரைக்கும்தான் இடம் காலியாக இருக்கும் என்றார்கள். தேறாவிட்டால் அவள் அக்கா வேலை செய்யும் ஷூ கம்பெனிக்குத் தையலுக்குப் போக வேண்டும். அதற்குத்தான் அவள் பயந்தாள்.

"லைன்ல உக்காந்து ஷூவோட மேல்தோலைத் தைக்கணும்டி. நான் ஒரு தையலை மறந்தா எனக்குப் பின்னாடி இருக்குற அத்தனை பேரும் நிப்பாங்க. சூப்பர்வைசர் ஒரே நேரத்துல நாலு பேச்சு பேசுவான். அக்கா ஏற்கெனவே சொல்லிட்டா, உன்னால ஆவாது, ஒரு வாரத்துல அழுதுனே வருவன்னு. லேப்ல நான் மறந்தா நான்தான் நிப்பேன். அது போதும் எனக்கு."

செய்முறைத் தேர்வு நாள் வந்தது. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு உப்பு. அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள்: சோதனை செய்யும்போது எழுத மாட்டாள். எழுதப் போனால் சோதனை போய்விடும், சோதனைக்கு வந்தால் எழுத்து போய்விடும். அதனால் எல்லாச் சோதனையையும் வளையலை நம்பிச் செய்து முடித்துவிட்டு, கடைசியில் மொத்தமாக எழுதுவாள்.

முதல் குரூப்பு. ஒன்றும் வரவில்லை. கிலுங் என்று ஒரு வளையல் இடக்கைக்கு மாறியது. இரண்டாவது. அதிலும் வரவில்லை. கிலுங். எங்களுக்கு அந்தச் சத்தம் பழக்கம் என்பதால் நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். மூன்றாவது கிலுங்குக்கும் அதே போல நிமிர்ந்தார்கள். அதுதான் வினையானது. தேர்வாளர் விறுவிறு என்று வந்து அவள் மேசை முன்னால் நின்றார்.

"என்னம்மா சிக்னல் குடுக்கிற?"

"சிக்னல் இல்ல சார். எத்தனை குரூப்பு முடிச்சேன்னு கணக்கு."

"வளையல்ல கணக்கா? இத்தனை வருஷ சர்வீஸ்ல எல்லா டெக்னிக்கும் பாத்துட்டேன். கழட்டு."

அவள் வளையல்களைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "கழட்டுறேன் சார். ஆனா எந்தக் கையில எத்தனை இருந்துச்சுன்னு நீங்க ஞாபகம் வெச்சுக்கணும். எனக்கு நிக்காது."

"சரி, சரி, வெச்சுக்கிறேன். குடு."

அவள் கழற்றிக் கொடுத்த அதே நேரம், முக்காலி மேல் இருந்த பீக்கர் தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்தது. கேஸ் நெடி கிளம்பியது. அவள் பாய்ந்து குழாயை மூடினாள், துடைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். அவளை எனக்குத் தெரியும். நாற்காலியில் இப்போது பீக்கர்தான் உட்கார்ந்திருக்கும்.

நிமிர்ந்து கையில் இருந்த சோதனைக் குழாயைப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர் மாதிரி ஒரு கரைசல். எத்தனை குரூப்பு முடிந்தது என்று அதன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. தட்டில் மீதி உப்பு கொஞ்சமும் இல்லை. முதலிலிருந்து ஆரம்பிக்கவும் வழியில்லை. ஷூ கம்பெனியின் கேட் என் கண்ணுக்கு முன்னால் திறந்தது.

அவள் நேராகத் தேர்வாளர் மேசைக்குப் போனாள். அவர் டீ குடித்துக்கொண்டே துறைத் தலைவரோடு ஏதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், இடது கையில எத்தனை இருந்துச்சு?"

அவர் சட்டைப் பையிலிருந்து வளையல்களை எடுத்தார். ஆறும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. "நாலு" என்றார். பிறகு, "இல்ல, ரெண்டு... இரு, ரெண்டுதானே?" என்றார். அவர் துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் டீ கிளாஸுக்குள் பார்த்தார்.

"யாராவது பாத்தீங்களா?" என்று தேர்வாளர் எங்களைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். மூன்று. மஞ்சள், பச்சை, ஊதா. என் வாய் திறந்தேவிட்டது. சொல்லியிருந்தால் சிக்னல் என்ற அவர் சந்தேகம் உறுதியாகியிருக்கும். அவளோடு நானும் வெளியே நின்றிருப்பேன். அதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. எதற்கெடுத்தாலும் என்னைத் திரும்பிப் பார்க்கிறவள், அன்று திரும்பவே இல்லை. "யாரும் சொல்ல வேணாம் சார். நானே கேட்டுக்கிறேன்" என்றாள்.

"யாரைக் கேப்ப?"

"இதைத்தான்" என்று குழாயைத் தூக்கிக் காட்டினாள்.

அங்கேயே நின்று குழாயின் வாயைக் கையால் விசிறி முகர்ந்தாள். "அமோனியா இருக்குது சார். அதை மூணாவதுலதான் ஊத்துவோம். அதனால மூணு வரைக்கும் வந்துட்டேன்." மறுபடி முகர்ந்தாள். "முட்டை வாசனை துளிகூட இல்ல. ரெண்டாவதோடதைக் கொதிக்க வெச்சு ஓட்டிட்டுத்தான் மூணாவதுக்கு வருவோம். நாலாவதைச் செஞ்சிருந்தா இருக்கும்."

"அதையும் கொதிக்க வெச்சுப் போக்கியிருந்தா? அஞ்சாவதும் முடிச்சிருந்தா?" தேர்வாளர் தம்மை மறந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

"அஞ்சாவதுல கார்பனேட் போட்டிருப்பேன் சார். ஆசிட்ல ஒரு சொட்டு விட்டா பொங்கணும்." மேசைக்கு ஓடிவந்து ஒரு சொட்டு விட்டாள். நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். பொங்கவில்லை. "மூணு முடிஞ்சிருக்குது சார். நாலாவது போவணும்" என்றாள்.

தேர்வாளர் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். வளையல்களை அவள் மேசையில் மூன்று மூன்றாகப் பிரித்து வைத்தார். "இந்தா, மூணு இடது, மூணு வலது. போட்டுக்க" என்றார்.

நான்காவது குரூப்பில் வெள்ளையாக வந்தது துத்தநாகம். ஐந்தாவதிலும் வெள்ளை. அதைக் கம்பியில் தொட்டு அடுப்பில் காட்டினாள். தீ குங்குமச் சிவப்பாக எரிந்தது. ஸ்ட்ரான்ஷியம். கிலுங். மணி அடிக்கும் வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். தாளை வாங்கிக்கொண்டு தேர்வாளர் வாய்மொழித் தேர்வுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆறு குரூப்புக்கு ஆறு வளையல். சரி. அதுக்கு முன்னாடி பூஜ்ஜியக் குரூப்புன்னு ஒண்ணு இருக்கே, அமோனியம். அதுக்கு வளையல் எங்க?"

"அது வாசனையிலயே தெரிஞ்சிடும் சார். அதுக்கு மூக்கு இருக்குதே" என்றாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்ததைத் துறைத் தலைவர் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் செய்முறையில் அவளுக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது. அவள் தேறினாள், வேலைக்கும் போனாள்.

பல வருடம் கழித்து, நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு டாக்டரம்மா பேச்சுவாக்கில் ஒரு பெரிய ஆங்கிலப் பெயரைச் சொல்லி, இதில் அறிவுக்கு ஒரு குறையும் இருக்காது, கையில் எடுத்ததைக் கொஞ்ச நேரம் மனசில் பிடித்துவைப்பதுதான் கஷ்டம், சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், காலேஜ் பிள்ளைகளும் இதனால் மார்க்கைக் கோட்டை விடுகிறார்கள் என்று விளக்கினார். எனக்கு அடுத்த வேலை ஓடவில்லை. அந்தச் சனிக்கிழமையே பஸ் பிடித்து அவள் லேபுக்குப் போனேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்டு, வரிசையாகத் தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே நின்றிருந்தாள். கையில் அதே ஆறு. நாலு வலது, ரெண்டு இடது. நான் அந்தப் பெயரையும் டாக்டரம்மா விளக்கியதையும் சொன்னேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"பேரு ரொம்ப நீளமா இருக்குதுடி. எனக்கு நிக்காது" என்றாள். பிறகு, "அப்போ திமிர் இல்லையாமா?" என்று கேட்டாள்.

"இல்லையாம்."

"அதை அந்த ஹெச்.ஓ.டி.கிட்ட யாராவது சொல்லுங்கடி" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

வெகுநாளாகக் கேட்க நினைத்ததை அப்போதுதான் கேட்டேன். "பரீட்சை அன்னிக்கு ஏன்டி என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல? எனக்குத் தெரியும், மூணுன்னு."

"உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாதா? பாத்தா நீ சொல்லிடுவ. சொன்னா உன்னையும் வெளியே தள்ளுவான். எத்தனை குரூப்பு முடிஞ்சுது, எந்த உப்பு, எல்லாமே போய்டுச்சு. நீ பக்கத்து டேபிள்ல நிக்கிறன்றது மட்டும் போவல."

"எல்லாம் போனப்ப அது மட்டும் எப்படிடி நின்னுச்சு? எனக்கு எந்த வளையல் வெச்சிருந்த?"

அவள் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வெளியேர்ந்து வர்றவங்களுக்குத்தான்டி நாற்காலி போடணும். வூட்டு ஆளுக்கு எதுக்கு?"